ஜாம் வேதியியல்: நிலைமாறு புள்ளியில் நான் விட்ட இரண்டு மார்க்

நேற்று ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்தது. இரண்டாவது முயற்சியில் மூன்று இலக்க ரேங்க். போன வருடம் நான் ஆசைப்பட்ட இடம் கைவிட்டுப் போனது இரண்டே மார்க்கில். அந்த இரண்டும் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும்: நிலைமாறு புள்ளி (critical point) பற்றிய எம்எஸ்க்யூ, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய கேள்வி.

‘திரவம் கொதிக்காமலேயே வாயுவாக முடியும்’ என்ற விடையை நான் டிக் செய்யவில்லை. கொதிக்காமல் எப்படி என்று தாண்டிப் போய்விட்டேன். ஒன்று விட்டாலும் முழு மார்க்கும் போச்சு.

இந்த வருடம் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு அழுத்தம்–வெப்பநிலைப் படத்தைப் பென்சிலில் வரைந்தேன். கார்பன் டை ஆக்சைடின் ஆவியழுத்தக் கோடு, அதாவது திரவத்தையும் வாயுவையும் பிரிக்கும் கோடு, 31 டிகிரி, 73.8 பாரில் நின்றுவிடுகிறது; அதுதான் நிலைமாறு புள்ளி. அதற்கு மேல் கோடே கிடையாது. அப்படியென்றால் சுற்றிப் போகலாம்! 20 டிகிரியில் திரவம். 100 பாருக்கு அழுத்து. 50 டிகிரிக்குச் சூடாக்கு. 50 பாருக்கு இறக்கு. மறுபடி 20 டிகிரிக்குக் குளிர்வி. இப்போது இருப்பது வாயு. வழியில் ஒரு குமிழி கூட வரவில்லை. 1869-இல் அயர்லாந்து வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் இதே பாதையில் எதிர்த்திசையில் போய், வாயுவைத் திரவமாக்கிக் காட்டினார்.

எங்கள் துறை வராந்தாவில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டர் ஒன்று தொங்கும். சென்னையில் மே மாத மதியம் 38 டிகிரி. அந்த நேரத்தில் அதற்குள் திரவம், வாயு என்று தனித்தனியாக எதுவும் இல்லை. இது உறைத்த பிறகு பாடம் மறக்கவே இல்லை.

அப்புறம் சில குறிப்புகள். எனக்கு மனப்பாடம் வராது, அதனால் எல்லாமே வரைந்து, வருவித்துப் படிக்கும் வழிதான்:

- வாண்டர் வால்ஸ் சமன்பாட்டை (உண்மை வாயுக்களுக்கானது; ஏ, பி அதன் மாறிலிகள்) கனஅளவின் முப்படியாக விரியுங்கள். நிலைமாறு புள்ளியில் மூன்று மூலங்களும் ஒன்று. கெழுக்களை ஒப்பிட்டால் கனஅளவு 3பி என்று உடனே விழும். வெப்பநிலையும் அழுத்தமும் பின்னாலேயே வரும்.
- நிலைமாறு வெப்பநிலையைப் பாயில் வெப்பநிலையோடு (குறைந்த அழுத்தத்தில் உண்மை வாயு இலட்சிய வாயு போல் நடக்கும் வெப்பநிலை) குழப்பாதீர்கள். வாண்டர் வால்ஸ்படி அது நிலைமாறு வெப்பநிலையைப் போல் 27/8 மடங்கு.
- நிலைமாறு புள்ளியில் அமுக்கக் காரணி (PV/RT) வாண்டர் வால்ஸ்படி 0.375. உண்மையில் கார்பன் டை ஆக்சைடுக்குச் சுமார் 0.27. எதைக் கேட்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள்.
- நேட் (விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும்) கேள்விகளில் நெகட்டிவ் மார்க் இல்லை. கெல்வினுக்கு மாற்றிவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடுங்கள்.