அழித்துப் பார்த்தால்தான் தெரியும்

எங்கள் குழு சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஒரு வெப் அப்ளிகேஷனைத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் லாகின், லாக், டேட்டாபேஸ் இணைப்பு, எரர் வந்தால் என்ன பதில் அனுப்புவது என்று அதே வேலைகளை முதலிலிருந்து எழுதுவோம். இரண்டு வாரம் அதிலேயே போய்விடும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேக்எண்ட் (சர்வர் பக்க) ஸ்டார்ட்டர் புராஜெக்ட் செய்து வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதை மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

முதல் முறை அடுக்குவாரியாகப் பிரித்தேன். கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலர்கள் ஒரு ஃபோல்டரில், வேலையைச் செய்யும் சர்வீஸ்கள் இன்னொன்றில், டேட்டாபேஸோடு பேசும் ரெப்பாசிட்டரிகள், தரவின் வடிவத்தைச் சொல்லும் மாடல்கள் என்று தனித்தனியாக. ஆர்டரில் தள்ளுபடி என்று ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்க நான்கு ஃபோல்டரையும் திறக்க வேண்டியிருந்தது. சரி என்று இரண்டாம் முறை விஷயவாரியாகப் பிரித்தேன்: பயனர், ஆர்டர், பேமென்ட், நோட்டிஃபிகேஷன். நாங்கள் பயன்படுத்தும் டைப்ஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான நெஸ்ட்ஜேஎஸ்ஸில் மாட்யூல் (கோடின் தனிப் பகுதி) என்பது ஃபிரேம்வொர்க்கிலேயே இருக்கிறது. வெளியே எது தெரியலாம் என்பதை எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலில் எழுதிவிடலாம். அதனால் இந்த முறை நன்றாக வந்துவிட்டது என்றே நம்பினேன்.

அப்புறம் ஒரு வாடிக்கையாளர், நோட்டிஃபிகேஷன் வேண்டாம், எங்களிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது என்றார். அந்த ஃபோல்டரை அழித்தேன். ஆர்டர், பேமென்ட், பயனர் என்று எல்லா மாட்யூலிலும் கம்பைல் எரர் வந்தது. எக்ஸ்போர்ட்ஸ் பட்டியல் கட்டுப்படுத்துவது டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனை, அதாவது ஒரு பகுதிக்குத் தேவையான சர்வீஸை ஃபிரேம்வொர்க்கே கொண்டுவந்து கொடுப்பதை மட்டும்தான். பக்கத்து மாட்யூலின் உள்ளே இருக்கும் ஒரு டைப்பையோ சின்ன ஃபங்ஷனையோ யாராவது நேராக இம்போர்ட் செய்தால் டைப்ஸ்கிரிப்ட் ஒன்றும் சொல்லாது. அவற்றை ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன். ஆனால் ஆர்டர் ரிப்போர்ட்டைத் திறந்ததும் அது விழுந்தது. யாரோ எழுதிய எஸ்க்யூஎல் க்வெரியில் நோட்டிஃபிகேஷன் டேபிளுடன் ஒரு ஜாயின் (இரண்டு டேபிள்களைச் சேர்த்துப் படிப்பது) இருந்திருக்கிறது. எஸ்க்யூஎல் வெறும் ஸ்ட்ரிங்காக இருந்ததால் கம்பைலர் கண்ணில் அது படவே இல்லை.

அந்த வாரம்தான் டேவிட் பார்னஸ் 1972-இல் ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பின் இதழில் எழுதிய கட்டுரையை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். வரிகளில் உள்ள சொற்களைச் சுழற்றி அகர வரிசையில் அடுக்கும் ஒரு சின்ன புரோகிராமை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, வேலை நடக்கும் படிகளின்படி. இன்னொன்று, நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வைப்பது. என்னுடைய முதல் முயற்சி கிட்டத்தட்ட படிகளின்படி பிரித்ததுதான். இரண்டாவது, விஷயங்களின் பெயரை வைத்துப் பிரித்தும் எதையும் மறைக்காமல் விட்டது.

மூன்றாம் முறை ஃபோல்டர் அமைப்பைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ஒரு மாட்யூலுக்கு எதெல்லாம் தெரியக் கூடாது என்பதை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபைல்தான் வாசல். அதைத் தாண்டி உள்ளே இருப்பதை வேறு மாட்யூல் இம்போர்ட் செய்தால், லிண்ட் விதி (கோடைத் தானாகச் சரிபார்க்கும் விதி) பில்டை நிறுத்திவிடும். இதை எழுத அரை நாள்கூட ஆகவில்லை. டேபிள்கள் விஷயத்தில்தான் பல நாள் வாக்குவாதம் நடந்தது.

எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுப்பு), மாட்யூல்களுக்கு நடுவே ஜாயின் கிடையாது, ஃபாரின் கீயும் (ஒரு டேபிள் சுட்டும் ஐடி இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று டேட்டாபேஸே பார்க்கும் கட்டுப்பாடு) கிடையாது என்று நான் சொன்னேன். "ஃபாரின் கீ இல்லாவிட்டால் அனாதைப் பதிவுகள் சேருமே, அதை யார் பார்ப்பது?" என்று மூத்த சக ஊழியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டேட்டாபேஸ் தானாகத் தரும் பாதுகாப்பு ஒன்றை நாம் கையால் கழற்றுகிறோம். கடைசியில், மாட்யூலுக்குள் ஃபாரின் கீ கட்டாயம், வெளியே ஐடி மட்டும் என்று முடிவானது. பயனரை உண்மையாக அழிப்பதில்லை, செயலிழந்ததாகக் குறிக்கிறோம். அவர் கவலைப்பட்டதில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்தது. ஆர்டர் பட்டியலில் பயனர் பெயரைக் காட்ட முன்பு ஒரு ஜாயின் போதும். இப்போது ஐடிகளைத் திரட்டி, பயனர் மாட்யூலிடம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகக் கேட்டால் நூறு ஆர்டருக்கு நூறு க்வெரி ஓடும், அந்தத் தவறு எளிதில் நடந்துவிடும். கூடுதல் வேலைதான். இருந்தாலும் அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

விதி பேச்சோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, டெஸ்ட் ஓடும்போது ஒவ்வொரு மாட்யூலும் தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் யூசருடன் இணைகிறது. அந்த யூசருக்குத் தன் ஸ்கீமாவில் மட்டும்தான் உரிமை. பக்கத்து ஸ்கீமாவைத் தொடும் எஸ்க்யூஎல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நோட்டிஃபிகேஷனை ஆர்டர் இனி நேராக அழைப்பதில்லை, 'ஆர்டர் பதிவானது' என்று ஒரு ஈவென்ட் மட்டும் அனுப்பும். இதிலும் ஒரு முறை அடிபட்டோம். ஈவென்ட் போய்விட்டது, டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனது (டேட்டாபேஸில் எழுதியது ரத்தானது), பதிவாகாத ஆர்டருக்கு வாடிக்கையாளருக்கு மெயில் போனது. அதன்பின் ஈவென்ட்டையும் ஆர்டரோடு அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டியவை காத்திருக்கும் அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதுகிறோம். தனியாக ஒரு வொர்க்கர் அதை எடுத்து அனுப்பும். நடுவில் வொர்க்கர் நின்றுபோனால் ஒரே ஈவென்ட் இரண்டு முறை வரலாம். அதனால் பெறும் பக்கம் ஈவென்ட் ஐடியைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் விட்டுவிடும்.

செட்டிங்ஸ் எல்லாம் கோடுக்கு வெளியே, என்விரான்மென்ட் வேரியபிளில். ஒன்று குறைந்தாலும் அப்ளிகேஷன் தொடங்காது. எல்லா மாட்யூலுக்கும் பொதுவான 'காமன்' ஃபோல்டருக்குள் தொழில் சார்ந்த சொல் எதுவும் வரக் கூடாது. ஆர்டர் என்ற பெயர் அங்கே தெரிந்தால் அது தவறான இடத்தில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். தினமும் இரவில், அழிக்கக்கூடியவை என்று குறித்த மாட்யூல்களை ஒவ்வொன்றாக அழித்து, கம்பைல் செய்து, மீதி டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும். முதல் வாரம் தினமும் சிவப்பாகவே இருந்தது. ஒருநாள் பேமென்ட்டின் டெஸ்ட் ஃபைல் ஒன்று, ஆர்டரின் உள்ளே இருந்த மாதிரித் தரவை எடுத்துப் பயன்படுத்தியது தெரிந்தது. டெஸ்ட் ஃபைல்களை லிண்ட் விதியிலிருந்து விலக்கி வைத்தது நான்தான். அந்த விலக்கை அன்றே எடுத்தேன்.

பயனர் மாட்யூலை மட்டும் இன்னும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை. எல்லாமே அதன்மேல் சாய்ந்திருக்கின்றன. அதன் வாசலில் இருந்த 14 ஃபங்ஷன்களை யார் எதற்கு அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் தேவைப்பட்டது ஐடியும் பெயரும் மட்டும்தான். இப்போது அது 5-க்கு வந்திருக்கிறது.