பரணில் இருந்த இரண்டு டயர்கள்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

அண்ணன் இன்று மூன்று முறை கேட்டார். பரணிலிருந்து டயரை இறக்கியாகிவிட்டதா என்பதுதான் மூன்று முறையும் கேள்வி. இறக்கிவிட்டோம் என்று சொன்னேன். இன்னும் இறக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

மாலையில் சரவணன் ஏணியில் ஏற, நான் கீழே பிடித்துக்கொண்டேன். முன் சக்கரத்துக்கு வாங்கிய டயர் தகரக் கூரையை ஒட்டிய பரணில், சாக்கில் சுற்றியபடி படுத்துக் கிடந்தது. பின் சக்கரத்துக்கு உரியது கொட்டகைச் சுவரில் ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் 3.25-19, அண்ணனுடைய பழைய புல்லட்டின் அளவு. ஈரத்துணியால் துடைத்ததும் இரண்டும் கருகருவென்று வந்துவிட்டன. அச்சிலிருந்து எடுக்கும்போது டயரோடு ஒட்டிக்கொண்டு வரும் ரப்பர் முட்கள் ஒன்றுகூட உதிராமல் அப்படியே நின்றன. சரவணன் அவற்றை விரலால் வருடிவிட்டு, "முள்ளுகூடப் போகலை அத்தை, கடையில வாங்கினது மாதிரியே இருக்கு" என்றான்.

அண்ணன் இவற்றை வாங்கியது 2015 சித்திரையில், சிறுமலைக்கு ஏறிப்போவதற்காக. அந்தப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழைய டயர் தாங்காது என்று அப்போது அவரே சொன்னார். பிறகு வண்டி ஏன் எடுக்கப்படவில்லை என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

டயரின் பக்கவாட்டில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டு எந்த ஆண்டு என்பதையும் சொல்கின்றன. முன் டயரில் 3114, பின் டயரில் 0815. அதாவது ஒன்று 2014-இன் முப்பத்தோராவது வாரத்தில், ஏறத்தாழ ஆடிப்பெருக்கை ஒட்டி, அச்சிலிருந்து வெளியே வந்திருக்கிறது. மற்றது 2015 பிப்ரவரியில். 2000-க்கு முந்தைய டயர்களில் மூன்று இலக்கங்கள்தான் இருந்தன என்றும், அவற்றை வைத்து எந்தப் பத்தாண்டு என்று பிரித்தறிய முடியாது என்றும் மெக்கானிக் சொன்னார்.

ஐந்தாண்டு ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை டயரை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள், எவ்வளவு மிச்சமிருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து பத்தாண்டு கழிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று மிஷ்லின் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தக் கணக்குப்படி முன் டயரின் காலம் சென்ற மாதம் முடிந்துவிட்டது. பின் டயருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஒரு வண்டியின் ஒரு சக்கரம் கெடுவுக்கு உள்ளே, மற்றொன்று வெளியே. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

செப்டம்பர் 26, வியாழன்

அண்ணனின் ஸ்கேன் முடிவு நாளைக்கு.

செப்டம்பர் 27, வெள்ளி

முடிவு வரவில்லை. மருத்துவமனை வராந்தாவில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேதிவினை வேகவியலில், வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று முப்பது பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார்கள். முப்பத்தோராவது தாளில் பேனா நின்றுவிட்டது. தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, பரணில், சித்திரையும் வைகாசியும் என்ன வெப்பம் இருந்திருக்கும்? கீழே அறையில் முப்பது டிகிரி என்றால் அங்கே ஐம்பதைத் தொட்டிருக்கும். இருபது டிகிரி கூடினால் நான்கு மடங்கு. அப்படி ஒன்பது கோடைகள்.

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். வெயிலில் பிசுபிசுத்தும் குளிரில் விறைத்தும் போய்க்கொண்டிருந்த இயற்கை ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் விழுந்து பொருள் நிலைப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார், காப்புரிமை பெற்றது 1844-இல், கடனோடுதான் இறந்தார். பாலங்கள் விழுவது தொழிற்சாலையோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். உண்மையில் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இருக்கும்வரை அந்த வேலை மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கும். பாலங்கள் கூடக்கூட ரப்பர் இறுகும். ரப்பருக்கும் உள்ளே ஓடும் நைலான் இழைகளுக்கும் இடையிலுள்ள பிடிப்பும் தளரும். இதற்கெல்லாம் டயர் ஓடத்தான் வேண்டும் என்பதில்லை. தேய்மானம் மட்டுமே ஓட்டத்தால் வருவது. முதுமைக்குக் காற்றும் சூடும் போதும்.

தாள்களைத் திருத்தி முடிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆணியில் தொங்கிய பின் டயரைக் காலை வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தேன். தன் எடையாலேயே அது வட்டம் மாறிச் சற்று நீண்டிருக்கிறது. ஆணியில் மடிந்து நின்ற இடத்தின் வெளிப்பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக இருக்கின்றன. டயரின் வேறு எந்த இடத்திலும் இல்லை. இது ஓசோன் செய்யும் வேலை. ரப்பரின் இரட்டைப் பிணைப்பைத் துண்டிக்கும் வலிமை ஓசோனுக்கு உண்டு. ஆனால் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் அது வெடிப்பாகத் திறக்கும். பக்கத்து மனையில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. அந்தப் பொறி பறக்கும்போது காற்றில் ஓசோன் உண்டாவதை நாங்கள் ஆண்டுக்கணக்கில் மூக்கால் அறிந்திருக்கிறோம், பெயர்தான் சொன்னதில்லை.

முன் டயரில் ஒரு வெடிப்பும் இல்லை. படுக்கை வசத்தில், இழுபடாமல் கிடந்திருக்கிறது. ஆகவே அது நல்ல டயர் என்று சரவணன் முடிவு செய்துவிட்டான். பின் டயரை மட்டும் வாங்கினால் போதுமாம்.

செப்டம்பர் 30, திங்கள்

அவனோடு பேசவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. தர்ப்பணத்துக்கு வந்திருந்த சித்தப்பா மகன் கப்பலூரில் ஒரு ரப்பர் ஆலையில் தரம் பார்க்கிறார். அவரிடம் ட்யூரோமீட்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. ஊசி முனையை ரப்பரில் அழுத்தினால் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதைக் கொண்டு கடினத்தைக் காட்டுகிறது. எண் கூடக்கூட ரப்பர் கடினம்.

ஒப்பிட ஒன்று வேண்டும் என்பதால் முதலில் எதிர்வீட்டாரின் ஸ்ப்ளெண்டரில் சென்ற மாதம் மாட்டிய டயரில் ஐந்து இடங்களில் அழுத்தினோம். நடு அளவு 61. அடுத்து வெடிப்பு விழுந்த பின் டயர்: 71. அதன் பிறகு முள் உதிராத, வெடிப்பில்லாத, சரவணன் நல்லது என்று சான்று கொடுத்த முன் டயர்: 76.

மூன்று பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை. கண்ணுக்குக் கெட்டதாகத் தெரிந்தது குறைவாகவும், நன்றாகத் தெரிந்தது கூடுதலாகவும் கெட்டிருந்தது. சாக்கில் சுற்றிப் பத்திரமாகப் பரணில் வைத்ததுதான் அதற்கு வந்த வினை. சாக்கு வெளிச்சத்தை மறைத்தது, கூரைச் சூட்டை மறைக்கவில்லை. கொட்டகைச் சுவரில் தொங்கியதற்காவது நிழலும் காற்றும் கிடைத்தன.

"இதுல செருப்பு தைக்கலாம் அக்கா" என்றார் சித்தப்பா மகன். அண்ணி அங்கேதான் நின்றிருந்தார்.

அக்டோபர் 4, வெள்ளி

மருத்துவமனையில் இரவுத் துணைக்கு நான் இருந்தேன். அண்ணன் விட்டுவிட்டுத் தூங்கினார். கைப்பேசியில் படித்தது: 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில், இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். அது மாட்டியிருந்த பேருந்தைவிட மூத்தது. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டதன் பயனாக, பத்தாண்டு கடந்த டயர்களை லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களில் ஓட்டக்கூடாது என்று 2021 பிப்ரவரி 1 முதல் அங்கே சட்டம் வந்துவிட்டது. இரு சக்கர வண்டிக்கு அது பொருந்தாது. ஆனால் பேருந்துக்கு ஆறு சக்கரங்கள் இருக்கின்றன, சரவணனுக்கு இரண்டு. எங்கள் வண்டி டியூப் டயர் வண்டி வேறு. டியூப் கிழிந்தால் காற்று நொடியில் போய்விடும்.

மூன்று மணிக்கு அண்ணன் கண் விழித்து, வண்டியை இந்த ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து ஒருமுறை உதைத்துக் காட்டினால் போதும் என்றார். திண்டுக்கல்லிலிருந்து இங்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல், நான்குவழிச் சாலை. சரி என்றேன்.

அக்டோபர் 5, சனி

மெக்கானிக்கின் கருத்து வேறு. "ஊருக்குள்ள நாப்பதுல ஓட்டுனா ஒண்ணும் ஆகாது டீச்சர். எத்தனை பேர் பதினஞ்சு வருஷ டயர்ல போறாங்க" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. வெயில் காய்ந்த சாலையில், நேராக, மெதுவாகப் போனால் 76 காட்டும் டயரும் போகும். காய்ந்த சாலை பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். நான் அஞ்சுவது முதல் மழையை. புழுதியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், தாரின் சொரசொரப்புக்குள் மென்மையாக இறங்கிப் பிடிப்பதுதான் ரப்பரின் வேலை. இறுகிய ரப்பர் இறங்காது. பின் சக்கரம் வழுக்கினால் கால் ஊன்றித் தப்பலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. இரண்டு நாளாகச் சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.

ஓட்டப்போவது நானாக இருந்தால் மெக்கானிக் சொன்னதைக் கேட்டிருப்பேனோ என்னவோ.

அக்டோபர் 7, திங்கள்

கடைக்காரர் கொடுத்த முதல் ஜோடியில் 4020 என்று இருந்தது. நான்கு வருடம் கடையிலேயே இருந்த டயர். மேலே பாலிஷ் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். நிழலில், சூடு படாமல் இருந்திருந்தால் அதை ஏற்கலாம்தான். ஆனால் கடையின் கிடங்கு மாடியில், தகரத்தின் கீழ் இருப்பதைப் படியில் நின்றே பார்த்துவிட்டேன். வேறு வேண்டும் என்றேன். தேதி பார்த்து டயர் வாங்கும் அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பால் பாக்கெட்டில் பார்ப்பதில்லையா என்று கேட்டேன். நாளை மறுநாள் வேறு ஜோடி வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 8, செவ்வாய்

அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டயரைப் பற்றியும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

வந்தது 2624 ஜோடி. டியூப், ரிம் டேப் எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். வண்டியில் இருந்த பழைய டயரைக் கழற்றியபோது உள்ளே டியூப் அதோடு ஒட்டிப்போய், உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரிம்மின் உள்பக்கம் முழுக்கத் துரு. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. லீவர் போட்டு ஏற்றும்போது புது டயர் வளைந்து கொடுத்த விதத்தைப் பார்த்த பிறகு, மெக்கானிக் ஒரு வார்த்தையும் பேசாமல், பரணிலிருந்து இறக்கிய முன் டயரை எடுத்துத் தாமாகவே வளைத்துப் பார்த்தார். பிறகு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், நூறு கிலோமீட்டர் வரைக்கும் வளைவில் சாய்க்காதே, பிரேக்கை அழுத்திப் பிடிக்காதே என்று சரவணனிடம் அவரே சொன்னார். நான் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று வைத்து, சரவணன் வண்டியை உருட்டி நசுக்கினான். பரணிலிருந்து இறக்கிய டயர்களுக்கும் அண்ணி பொட்டு வைத்துவிட்டார்; நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியைச் சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். பக்கவாட்டு எழுத்து தெரியாதபடி நான் கையைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

"முள்ளு இருக்காம்மா?"

"இருக்கு அண்ணே."

"அப்பவே நல்ல டயராப் பார்த்து எடுத்தேன்" என்றார்.

அக்டோபர் 12, சனி

பழைய இரண்டையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எடைக்குப் போட்டால் யாராவது பாலிஷ் பூசி மாட்டிவிடுவார்கள். அறுத்துவிடச் சொன்னால் அண்ணி அழுவார். மீண்டும் பரணில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன், சாக்கில்லாமல். 3114, 0815 என்று சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இரவு தூறிவிட்டு ஐந்து மணிக்கு நின்றது. பின் சக்கரத்தில் காற்று 28, நானே அளவுமானி வைத்துப் பார்த்தேன். 5.40-க்குப் புறப்பட்டான். வாசல் ஈரத்தில் இரண்டு சக்கரத்தின் பட்டனும் அச்சு அச்சாக விழுந்திருக்கிறது.

6.15. சின்னாளப்பட்டியைத் தாண்டியிருப்பான்.