இருவருமே எங்கள் உறுப்பினர்கள்

சுற்றுச்சூழல் அமைப்பில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எத்தனை மரம் நட்டீங்க?" என்பதுதான். எங்கள் அலுவலகம் மரம் நடுவதில்லை, ஏரி தூர்வாருவதில்லை, ஆமை முட்டை காப்பதில்லை. இவற்றைச் செய்யும் சிறு குழுக்கள் சேர்ந்து தங்களுக்காக அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு எங்களுடையது. அறக்கட்டளையாகப் பதிவு பெற்றது. குழுக்களின் பதிவு, கணக்கு, பயிற்சி, சிறு நிதி, கூட்டு மனு இவைதான் எங்கள் அன்றாடம்.

ஒரு பள்ளி ஆசிரியர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர். பல குழுக்கள் இவ்வளவுதான். ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு கண்மாய்க் கரையில் நிற்பார்கள். வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மதகின் ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சங்கத்தின் காகிதங்கள் மட்டும் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சில வருடம் விட்டுவிட்டால் புது நிர்வாகிகளின் பெயரைப் பதிவில் ஏற்றுவதே பெரும்பாடு. அந்தப் பெயர் ஏறாமல் வங்கியில் கையெழுத்து மாற்ற முடியாது. அப்புறம் வருமான வரி. 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு வாங்கியிருந்த எல்லோரும் 2021-இல் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. 80ஜி ரசீது கொடுக்கிற அமைப்பு, நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். ஆசிரியருக்கு அது கோடை விடுமுறை. ஏரிக்கரையில் வேலை செய்ய நல்ல மாதமும் அதுதான். நாங்கள் ஒரு நாள் பைலோடு உட்கார்ந்தால் அவர்களுக்கு ஒரு ஞாயிறு மிஞ்சும். என் வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நிதி விஷயத்தில் 2020 செப்டம்பர் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய திருப்பம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டிலிருந்து பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நன்கொடையை வாங்கிச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பதுதான் கூட்டமைப்புகளின் வழக்கம். ஆமை முட்டைகளைக் காக்கக் கடற்கரையில் இரவு நடப்பவர்களுக்கு டார்ச் பேட்டரி, ஆட்டோ வாடகை, டீச் செலவு என்று கேட்கும் குழுவுக்கு எந்தப் பெரிய நன்கொடையாளரும் நேரடியாகக் கொடுக்க மாட்டார். அந்த வழி அடைபட்ட பிறகு, உள்ளூர்க் கொடையாளர்களைத் தேடி ஒவ்வொரு ஊராகப் போக ஆரம்பித்தோம். கண்மாய்க்குக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் கிடைக்கிறார்கள், அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். இரவு நடைக்கு இன்றும் சிரமம்தான்.

ஆனால் இந்த வேலையின் கடினமான பகுதி பணமோ காகிதமோ இல்லை. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதுதான்.

சீமைக்கருவேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி மீட்புக் குழுக்களுக்கு அது முதல் எதிரி. கரையைத் துளைக்கிறது, கால்வாயை அடைக்கிறது, வேறு எதையும் முளைக்க விடுவதில்லை. 2017-இல் அதை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராகப் பொக்லைன்கள் இறங்கியபோது அவர்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டு நீதிமன்றத்திலேயே இடைக்காலத் தடையும் வந்தது. பறவைக் குழுக்கள் அப்போதுதான் மூச்சு விட்டன. ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்கள் சிலவற்றில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்திலும் இந்தச் சீமைக்கருவேலத்திலும்தான். வேறு பெரிய மரம் அங்கே இல்லை. இருவருமே எங்கள் உறுப்பினர்கள். இருவருமே சந்தா கட்டுகிறவர்கள்.

ஒரு கூட்டத்தில் இது வெடித்தது. "தண்ணி நிக்காத கண்மாய்க்குப் பறவை எங்கண்ணே வரும்?" என்றார் ஏரிக்குழுக்காரர். "குஞ்சு மேலே இருக்கும்போது மரத்தைச் சாய்ச்சா அடுத்த வருசம் தண்ணி இருந்தும் வராதுப்பா" என்றார் பறவை பார்க்கிற பெரியவர். மூன்றாவதாக ஒருவர், அதுவரை பேசாதவர், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்களைப் பற்றிக் கேட்டார். மழை பொய்த்த வருடங்களில் அந்தப் பக்கம் பல வீடுகளில் அடுப்பெரிவது அந்தக் கரியை விற்ற காசில்தான். எங்கள் அலுவலகத் தரப்பில் யாருக்கும் அது முதலில் தோன்றவில்லை என்பதை நான் மறப்பதற்கில்லை.

ஓட்டெடுப்பு நடத்தி முடித்திருக்கலாம். ஏரிக் குழுக்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், தீர்மானம் நிறைவேறியிருக்கும். பறவைக் குழுக்கள் அடுத்த ஆண்டு சந்தா கட்டாமல் விலகியிருக்கும். எண்ணிக்கையில் குறைந்தவரை ஓட்டில் தோற்கடிக்கும் கூட்டமைப்பு சீக்கிரமே ஒரே வகைக் குழுக்களின் சங்கமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஓட்டை ஒதுக்கிவிட்டு, கண்மாயின் வரைபடத்தை மேஜையில் விரித்தோம். கரை, மதகு, வரத்துக் கால்வாய், நீர்பிடிப்பின் நடுப்பகுதி என்று பிரித்துப் பேசியபோது சண்டை பாதியாகச் சுருங்கியது. கரையிலும் கால்வாயிலும் வேரோடு எடுக்கலாம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கூடுள்ள மரங்களை, பக்கத்தில் வைத்த நாட்டுக்கருவேலம் கூடு தாங்கும் அளவுக்கு வளரும்வரை தொடக்கூடாது. வெட்டும் வேலை குஞ்சுகள் பறந்த பிறகுதான். வெட்டிய மரம் முதலில் உள்ளூர் மூட்டக்காரர்களுக்கு. இது ஒரு பக்கக் குறிப்பாக எல்லாக் குழுக்களுக்கும் போனது. எல்லோரும் பின்பற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டும் முன் போன் செய்து கேட்கிறார்கள்.

கூட்டு மனு எழுதுவதும் இதே மாதிரிதான். 2020-இல், தொழிற்சாலை, சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் விதிகளை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, ஊரடங்கு நேரம், வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலெல்லாம் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லியும், கருத்துத் தெரிவிக்க ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கொடுத்தும் டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-இல் உத்தரவிட்டது. எங்கள் குழுக்களோ அதற்குள் தாங்களே வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாகத் தமிழாக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அடித்துத் தரச் சிலர் கேட்டார்கள். நாங்கள் தரவில்லை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கான நாட்களைக் குறைத்தால் தன் ஊரில் என்ன ஆகும் என்று ஒரு குழு அதன் சொந்த வார்த்தையில் எழுதுவதற்கு, நூறு நகல் கடிதங்கள் ஈடாகாது.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையிட வந்தவை. ஆமை நீருக்கு மேலே வந்து மூச்சு விடுகிற உயிர், விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடியில் (வலை) நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கரையில் நடந்தவர்களிடம் இருந்த குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒருவரிடம் தேதி, இன்னொருவரிடம் வெறும் போட்டோ. தேதி, இடம், ஆமை ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா, இரண்டு தடவை எண்ணாமலிருக்கப் பெயிண்ட் அடையாளம் என்று எல்லோருக்கும் ஒரே படிவத்தைக் கொண்டுபோனோம்.

இந்த இறப்புகள் பற்றி நாங்கள் எழுதிய கூட்டு மனுவின் முதல் வரைவில் நகரக் குழு ஒன்று "மீனவர்களின் அலட்சியம்" என்று எழுதியிருந்தது. ஆமை நடைக்கு வரும் மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "எங்கப்பா போறது சின்ன ஃபைபர் படகுல சார். இழுவை மடி போடுறவங்களையும் எங்களையும் ஒண்ணா எழுதிட்டீங்களே?" என்றான். அந்த வரி போயிற்று. முட்டையிடும் பருவத்தில் தடைசெய்த தூரத்துக்குள் வந்து இழுக்கும் விசைப்படகுகள், வலையிலிருந்து ஆமையைத் தப்பவிடும் 'டெட்' கருவி என்று குறிப்பாக எழுதினோம். குப்பத்துக் குழுவின் கையெழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கையெழுத்து இல்லாத மனுவை அனுப்ப எனக்கு மனம் இருந்திருக்காது.

இப்போது மேஜையில் இருப்பது சவுக்கு. சுனாமிக்குப் பிறகு கடலோரம் பல இடங்களில் காற்றுத்தடுப்பாக நட்டது. ஊரைக் காக்கிறது என்று ஒரு குழு இன்னும் நடுகிறது. அலையேறும் கோட்டுக்கு அருகே நட்டால் ஆமை ஏறி முட்டையிட மணலே மிஞ்சாது என்கிறது இன்னொரு குழு. பொதுக்குழுவுக்கு முன்னால் இரு தரப்பும் டேப் எடுத்துக்கொண்டு சேர்ந்தே கரையை அளக்கச் சம்மதித்திருக்கின்றன. தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை, ஒரு குழுவுக்கு அந்த வாரம் கோயில் திருவிழா.