மனு பார்க்கப் போகும் நாள்

சிறையில் இருக்கும் தாயுடன் குழந்தை 6 வயது வரை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. என்னைப் பாட்டி 3 வயதிலேயே தூக்கி வந்துவிட்டாள், "பிள்ள கம்பிக்குள்ள வளரக் கூடாது" என்று. அதில் எனக்கு இன்றும் குறையில்லை. ஆனால் மனு பார்க்க, அதாவது சிறையில் இருக்கும் அம்மாவைச் சந்திக்க, போகும் நாட்களில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அம்மா விரலை நீட்டிக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் பாட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருப்பாள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்னொருத்தி அழுதுவிடுவாளோ என்று பயந்து நிற்பேன்.

"சாப்டியா கண்ணு?"

நான் வாய் திறப்பதற்குள் பாட்டி சொல்லிவிடுவாள்: "எல்லாம் சாப்டுது."

வழியெல்லாம் பேசமாட்டாள். அப்புறம் ராத்திரி, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, அம்மாவின் பழைய சேலையை எடுத்து எனக்குப் போர்த்திவிடுவாள்.