உவர் தண்ணீரில் மோலி குட்டி போட்ட கதை

வாலிநோக்கம் பக்கம் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும் என்பது இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தண்ணீரை மீட்டரில் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 3000-க்கு மேல் காட்டுகிறது. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்கவும் உலை வைக்கவும் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். காவிரிக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தெருவில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இந்தத் தண்ணீரில் மீன் பிழைக்குமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். மோலி என்கிற சின்ன அலங்கார மீன் பிழைக்கும். பிழைப்பதோடு நிற்காது, போதும் போதும் என்கிற அளவுக்குக் குட்டியும் போடும்.

பையன் ஆசைப்பட்டான் என்று ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கறுப்பு மோலி வாங்கினோம். கேன் தண்ணீர் மட்டும்தான் ஊற்றணும் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். குடிப்பதற்கே கணக்குப் பார்க்கிற தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்ற எங்களால் முடியுமா? போர் தண்ணீரைத்தான் விட்டேன். ஆனால் எடுத்த எடுப்பில் விடவில்லை. கடைப் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு டம்ளர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டம்ளர் என்று சாயந்திரம் முழுக்கக் கலந்து, அப்புறம்தான் மீனைத் திறந்துவிட்டேன்.

மோலியின் பூர்வீகத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கழிமுகங்களிலும் உப்புச் சதுப்புகளிலும் வாழ்கிற மீன் அது. கடையில் விற்பது பல இனங்களைக் கலந்து உண்டாக்கியதுதான் என்றாலும் உடம்பு கேட்பது அதே சுண்ணாம்பும் உப்பும்தான். மெதுவாகப் பழக்கினால் கடல் தண்ணீரிலேயே இருக்கும். கேன் தண்ணீர் ஆர்.ஓ. எந்திரத்தில் சுத்திகரித்தது, அதில் அந்தச் சத்தெல்லாம் வடிகட்டிப் போயிருக்கும். சித்தி மகன் வீட்டில் கேன் தண்ணீர் ஊற்றிய தொட்டியில், மோலி ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. விளையாடுகிறது என்று நினைத்திருந்தான். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது முதல் அடையாளம். எங்கள் வீட்டுத் தண்ணீரை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னேன், ஆட்டம் நின்றது. கப்பியும் மோலி மாதிரியே குட்டி போடும் சின்ன மீன், அதற்கும் இந்தத் தண்ணீர் ஒத்துவரும். நியான் டெட்ரா மாதிரி சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர் கேட்கும் மீனை இங்கே வாங்கவே கூடாது.

கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று கிடந்தது. அதைக் கழுவி, பாதிக்குப் பனையோலை போட்டு நிழல் கட்டினேன். மறுபாதியில் வெயில் பட்டால் சுவரில் பாசி பிடிக்கும். மோலிக்கு அந்தப் பாசிதான் பிரதானச் சாப்பாடு, நாள் முழுக்கச் சுவரைக் கொத்திக்கொண்டே இருக்கும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்பது என் கணக்கு. ஆண் ஓயாமல் துரத்துவான், ஒரே பெண்ணாக இருந்தால் அவளைச் சாப்பிடக்கூட விடமாட்டான். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய வால் பக்கமோ நிறமோ பார்க்க வேண்டாம், வயிற்றுக்குப் பின்னால் அடியில் உள்ள துடுப்பைப் பாருங்கள். விசிறி போல விரிந்திருந்தால் பெண். கூராக, குச்சியாக உடம்போடு ஒட்டியிருந்தால் ஆண். அந்தத் துடுப்பு வழியாகத்தான் விந்தணு பெண்ணுக்குள் போகிறது.

கடையில் வாங்கும் பெண் மீன் அநேகமாகச் சினையாகத்தான் வரும். ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்திருக்கும், வேறென்ன நடக்கும்? ஒரு தடவை சேர்ந்தாலே போதும், பெண் அந்த விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு ஈத்து முடிந்ததும் அடுத்த முட்டைகளுக்கு அதையே எடுத்துக்கொள்ளும். கப்பிக்கு ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு ஈத்து. மோலிக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும், தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம். முட்டை வயிற்றுக்குள்ளேயே கருவாகி, மஞ்சள் கருவைத் தின்று வளர்ந்து, குட்டியாக வெளியே வருகிறது.

வெளிர் நிறக் கப்பியில் அடிவயிற்றுப் பக்கம் கறுப்புப் புள்ளி தெரியும், நாள் நெருங்கினால் உள்ளே குட்டிகளின் கண்கள்கூடப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கறுப்பு மோலியில் அதெல்லாம் பார்க்க வழியில்லை. மேலேயிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உருண்டையாக இருந்து, கடைசி நாட்களில் அடிப்பக்கம் சதுரமாக இறங்கிவிடும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி மூலையில் நிற்கும், தீனி போட்டால் வராது. அப்போது இன்றோ நாளையோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: செதில்கள் சிலிர்த்துத் தூக்கிக்கொண்டு வயிறு உப்பியிருந்தால் அது சினை இல்லை, உடம்பில் நீர் கோத்த நோய். பலூன் மோலி வாங்கியவர்கள் வயிற்றைப் பார்த்து நாள் எண்ண வேண்டாம். அதன் முதுகெலும்பே வளைந்தது, ஆணுக்கும் அதே வயிறுதான்.

எங்கள் அத்தைக்கு, என் மாமியாருக்கு, குட்டி போடும் மீன் என்பது புதுசே இல்லை. வலையில் வந்த திருக்கை வள்ளத்திலேயே குட்டி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் புட்டு அவித்துக் கொடுக்கிறோமே, அந்தப் பால் சுறாவும் முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடும். இந்தக் கடலில் கடல்குதிரை இருக்கிறது, அதில் ஆண்தான் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும். பிடிக்கக் கூடாது என்று 2001-இலிருந்து சட்டம் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த அத்தை, கடையில் விற்கிற பிளாஸ்டிக் பிரசவப் பெட்டியை நான் வாங்கிவந்ததும் ஒரு பார்வை பார்த்தார்.

“பிள்ளைத்தாச்சிய நாளு நெருங்கையில அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிட்டு அலைவாகளா? கம்முனு விடு.”

அவர் சொன்னதுதான் சரி. கடைசி நேரத்தில் வலை போட்டுப் பிடித்துச் சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் தாய் மிரண்டு, மஞ்சள் கருப் பை வயிற்றில் ஒட்டியபடியே குறைக்குட்டி போடும். அவற்றில் பல பிழைக்காது. அதனால் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு, தாய் இருக்கிற இடத்திலேயே குட்டிக்கு ஒளிவிடம் செய்வது என்று முடிவு செய்தோம். ஏனென்றால் தாயே குட்டியைத் தின்றுவிடும். பசி, பாசம் என்று அதில் பார்க்க ஒன்றும் இல்லை, வாய்க்கு முன்னால் சின்னதாக அசைந்தால் கொத்தும். தலையீத்தில் எங்களுக்கு மிஞ்சியதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒளிவிடத்துக்கு வேலம்பாசி என்கிற நீர்ச்செடி நல்லது, ஆனால் எங்கள் தண்ணீரில் அது தளதளவென்று வரவில்லை. வலைத்துண்டுதான் கைகொடுத்தது. இந்தக் கரையில் கிழிந்த வலைக்குப் பஞ்சமா? இதிலும் அத்தைதான் ஆசான். தங்கூசி வலையைத் தொடவிடவில்லை. மீனின் செவுள் மாட்டுவதற்கென்றே செய்த நரம்பு அது, தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கே தெரியாது, தாய் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். முறுக்குநூலில் பின்னிய, சுண்டுவிரல் நுனி மட்டும் நுழைகிற கண்ணுள்ள வலைத்துண்டைத் தேடி எடுத்தார். சுடுதண்ணீரில் ஊறப்போட்டு உப்பும் அழுக்கும் போக அலசி, தொட்டியின் ஒரு மூலையைக் குறுக்கே மறித்துக் கட்டினோம். குட்டி கண் வழியாக உள்ளே போய்விடும், தாயின் மூக்கோடு சரி. மறித்த மூலைக்குள் இன்னும் கொஞ்சம் வலையைச் சுருட்டிப் போட்டோம்.

அடுத்த ஈத்தை நான் நேரில் பார்த்தேன். விடியற்காலை, வெளிச்சம் முழுசாக வரவில்லை. தாய் அடித்தளத்தை ஒட்டி நின்று வாலை ஒரு தடவை வெட்டியது. சுருண்ட கறுப்புப் பொட்டு ஒன்று கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அப்புறம் நிமிர்ந்தது, இரண்டு பெரிய கண், குட்டி வால். துள்ளித் துள்ளி மேலே ஏறி நேராக வலைக்குள் போய்விட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. சில வால் முன்னால் வந்தன, சில தலை முன்னால். ஒன்று வந்தபின் அடுத்தது வர நிமிஷக்கணக்கில் ஆனது, மொத்தம் முடிய வெயில் ஏறிவிட்டது. மோலி ஒரு ஈத்தில் 20-லிருந்து 60 வரை போடும், பெரிய தாய் அதற்கு மேலும் போடும்.

பிறந்த குட்டி பெரிசாக இருப்பதுதான் இந்த மீன்களில் உள்ள சௌகரியம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீனை முட்டையிட வைத்து வளர்க்கிறார்கள். பொரித்த குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவுத் தீனியை முதலில் வளர்க்க வேண்டும். மோலிக் குட்டிக்கு அந்தப் பாடு இல்லை. சென்னாக்கூனி என்கிற பொடி இறாலைக் காயவைத்து மாவாக இடித்து, துணியில் சலித்துப் போட்டாலே தின்னும். ஆர்ட்டீமியா கொடுத்தால் வளர்ச்சி இன்னும் வேகம். அது உப்பளப் பாத்தித் தண்ணீரில் வாழ்கிற பிராணி, முட்டையை டப்பாவில் விற்கிறார்கள். அதற்கு உப்புக் கரைசல் தயாரிக்கச் சொல்வார்கள், நமக்கு அந்த வேலை மிச்சம். மூன்று பங்கு கடல் தண்ணீர், ஒரு பங்கு போர் தண்ணீர். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, அடிவரை காற்றுக் குழாய் விட்டு, முட்டையைத் தூவி வெளிச்சத்தில் வைத்தால் 24-லிருந்து 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு கீழே இறங்கும். கீழேயிருந்து உறிஞ்சி எடுத்து வடிகட்டி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், வைத்திருந்தால் சத்துப் போய்விடும். குட்டி தின்றதும் அதன் வயிறு ஆரஞ்சாகத் தெரிவது பார்க்க அழகு.

சிரமம் கொடுத்தது சித்திரை வெயில். தொட்டித் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்த மட்டத்துக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவது மட்டும் நல்ல தண்ணீர், குடத்தில் மிஞ்சியது போதும். அது தவிர வாரம் ஒரு தடவை கால்வாசியை இறைத்துவிட்டுப் போர் தண்ணீர் விடுகிறேன். இதில் சோம்பல் பட முடியாது, காரத்தன்மை கூடிய சூடான தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷம் அதிகம். ஐப்பசி மழையில் கதை நேர் எதிர், மழைத் தண்ணீர் இறங்கி எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்யும். அதற்குத் தார்ப்பாய். அடியில் வெறும் சிப்பி ஓடுகளைப் போட்டு வைத்தால் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து கிடைக்கும். பவளப்பாறைத் துண்டை எடுத்துவந்து போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

குட்டிகள் பெருகியதும் ஊருணியில் விட்டால் கொசு ஒழியுமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். விடவில்லை. இது வெளிநாட்டு மீன், ஊருணியில் ஏற்கெனவே இருக்கிற சின்ன மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், கீழக்கரையில் ஒரு கடைக்காரர் மீன் தீனி கொடுத்து, அதற்கு ஈடாகக் குட்டிகளை எடுத்துக்கொள்கிறார். பெருக்கத்தைக் குறைக்கக் குட்டிகளின் அடித்துடுப்பு கூராகத் தொடங்கும்போதே ஆண்களைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பெரிய பெண்கள் தனியாகத்தான் இருக்கின்றன, இருந்தும் வலைக்குள் புதுக் குட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளே சேமித்தது தீரும்வரை வரும்.