சாக்குப்பையில் மூன்று பந்துகள்

மீட்டர் கேஜ் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு நீல் (Neale) பந்து டோக்கனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைத் தடத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்காக இரண்டு நிலையங்களிலும் ஜோடியாக ஒரு கருவி இருக்கும். மணியடித்துக் கேட்டு, எதிர் நிலைய மாஸ்டர் இசைந்தால்தான் இந்தப் பக்கம் ஓர் எஃகுப் பந்து வெளியே உருண்டு வரும். அந்தப் பந்து இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இன்னொரு பந்தை யாராலும் எடுக்க முடியாது. பந்தைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தோடு சேர்த்து, ஓடுகிற வண்டிக்கு நீட்டுவார்கள். டிரைவர் அதைக் கையில் கோத்து வாங்கிக்கொள்வார். பந்து கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம்வரை போக அவருக்கு அதிகாரம்.

ஒரு பந்து தொலைந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வளையத்தை வாங்கும்போது கை நழுவி, பை மட்டும் எங்கோ தெறித்துவிட்டது. கருவியை நிறுத்தி வைத்து, காகிதத்தில் லைன் கிளியர், அதாவது தடம் காலி என்ற அனுமதி, எழுதிக் கொடுத்து வண்டிகளை ஓட்டினார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு கருவேலம் புதருக்குள் இரவெல்லாம் தேடினோம். விடிகாலையில் தடம் பராமரிக்கும் ஒரு கேங்மேன் காலில் இடறித்தான் அது கிடைத்தது. அவர் அதை வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பகுதி அகலப்பாதையாக மாறியபோது, அதே பந்துகள் ஒரே நாளில் யாருக்கும் வேண்டாதவை ஆகிவிட்டன.

பாதைகளை அகலப்பாதையாக்கும் ஒரே கேஜ் திட்டம் 1992-ல் தொடங்கியது. எங்கள் பக்கம் வந்து சேரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சிக்னல் பிரிவில் நான் அப்போது இளநிலைப் பொறியாளர். கடைசி வண்டி போன பிறகு, வழியிலிருந்த நிலையங்களின் பழைய கருவிகளைக் கழற்றி ஓரிடத்தில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. நல்லவற்றை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க வேண்டும், மற்றவை பயனற்றவை என்று கழிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகும். நானும் ஒரு பட்டியல் எழுதினேன். ‘டோக்கன் கருவி, இரண்டு ஜோடி. கை விளக்கு, பதினொன்று. மணி, நான்கு.’ அவ்வளவுதான் எழுதினேன். அது எவ்வளவு மோசமான பட்டியல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரு சிறிய நிலையத்தின் பழைய விளக்கு அறையில் வைத்துப் பூட்டினோம். பூட்டு பெரிய பூட்டு. ஆனால் மேலே ஓட்டுக்கூரை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே தரையில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. கருவிகளின் மேலிருந்த பித்தளை மணிகள், முகப்புத் தகடுகள், விளக்குகளின் பர்னர்கள், மூன்று பந்துகள், எல்லாம் போய்விட்டன. தகடுகளைத் திருப்புளி கொண்டு கழற்றவில்லை, கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் எண்ணெய் விட்டுப் பாதுகாத்த கருவியின் மேல் அந்தக் கடப்பாரைத் தடத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஆர்.பி.எஃப். என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் சுறுசுறுப்பாகத்தான் தேடினார்கள். பக்கத்து ஊர்க் காயலான் கடையில் ஒரு சாக்கு கிடைத்தது. பிரித்துக் கொட்டியதும் பந்துகள் மூன்றும் உருண்டு வந்தன. தகடுகள் சுத்தியலால் நாலைந்தாக உடைக்கப்பட்டிருந்தன. ஒரு துண்டில் ஆங்கிலத்தில் ‘லைன் குளோஸ்டு’ என்பதில் பாதி மட்டும் மிச்சம். மணிகளும் பர்னர்களும் இருந்தன. எல்லாம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது அந்தப் படையின் உதவி ஆய்வாளர் கேட்டார்: “சார், இது உங்களுதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

1966-ம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் கடுமையான சட்டம்தான். முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. பொருள் ரயில்வேயுடையது, அது திருடப்பட்டதென்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது என்று ஆகிவிட்டால், நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும். ஆனால் முதல் படி நம்முடையது. அது ரயில்வே பொருள் என்று நாம்தான் காட்ட வேண்டும். பந்துகளில் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு நிலையங்களின் குறியீடும் வரிசை எண்ணும் வெட்டப்பட்டிருந்தன. உடைந்த தகட்டுக்கும் எழுத்து சாட்சி சொன்னது. மணிக்கு என்ன சாட்சி? “கோயில் சாமான், பழைய பாத்திரத்தோட எடைக்கு வாங்கினேன்” என்றார் கடைக்காரர். என் பட்டியலில் ‘மணி, நான்கு’ என்றிருந்ததே ஒழிய, எந்த மணி, எத்தனை விட்டம், எங்கே கீறல் என்று ஒரு சொல் இல்லை. அந்த மணிச் சத்தத்தைக் கேட்டே இரவுப் பணியில் கண் விழித்தவன் நான். எனக்குத் தெரியும் அது எங்கள் மணி என்று. தெரிந்து என்ன செய்ய? வழக்கில் பந்துகளும் தகட்டுத் துண்டுகளும் நின்றன, மணிகள் நிற்கவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் வேலை செய்த முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, வெளியே தெரியாத இடத்தில், அடித்தட்டின் உட்புறத்திலோ மணியின் உள்விளிம்பிலோ, எண் பொறிக்கும் பஞ்ச் உளியால் அடித்தோம். நான்கு பக்கமும் படம் எடுத்தோம். எடை போட்டு எழுதினோம், ஏனென்றால் உள்ளிருக்கும் செம்புச் சுருளை உருவிவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். முக்கியமாகப் பழுதுகளை எழுதினோம். விளிம்பில் அரை அங்குலம் சிதைவு, பிடியில் பற்றவைத்த தழும்பு என்று. ஒரே அச்சில் வார்த்த இரண்டு மணிகளைப் பிரித்துக் காட்டுவது தழும்புதான்.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய நீராவி எஞ்சின்களைச் செப்பனிட்டு, வண்ணம் பூசி, நிலைய வாசலில் நிறுத்துகிறோம். பித்தளையைத் தேய்த்துத் தங்கம்போல் ஆக்குகிறோம். ஊதல், நீர்மட்டக் கண்ணாடியின் குழாய்த் திருகுகள், தயாரிப்பாளர் பெயர்த்தகடு ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். இரவில் தெரு விளக்கு பட்டு மின்னுகிற பித்தளை, ஆளைக் கூப்பிடுகிறது. அசலைக் கழற்றி உள்ளே பூட்டிவைத்து, வெளியே வார்ப்பிரும்பில் நகல் செய்து மாட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது, பார்க்க வருகிறவர்களை ஏமாற்றுவதாகாதா என்று சிலர் கேட்டார்கள். அசலே இல்லாமல் வெறும் போல்ட் துளைகளைக் காட்டுவதைவிட இது மேல் என்பதே இன்றும் என் எண்ணம். அசலையே மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நட்டை முடுக்கியதும் மரையின் நுனியை அடித்து மழுக்கிவிட வேண்டும். சாதாரண ஸ்பானருக்கு அது அசையாது.

நீலகிரி மலை ரயிலைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கும். 1899-ல் குன்னூர்வரையும் 1908-ல் உதகைவரையும் போன அந்த 46 கிலோமீட்டர் மலைப்பாதை, இன்றும் மீட்டர் கேஜில் ஓடுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலைவிடப் பெரிய காவல் அது ஓடிக்கொண்டிருப்பதுதான். ஒரு கருவியை ஒருவர் தினமும் தொட்டுக்கொண்டிருந்தால், அது காணாமல் போன அன்றே தெரிந்துவிடும். எங்கள் விளக்கு அறையில் நடந்தது எப்போது என்று இன்றுவரை எங்களுக்குத் தேதி தெரியாது.

எடைக்காகத் திருடுகிறவர்கள் ஒரு வகை. எழுத்துக்காகத் தேடுகிறவர்கள் வேறு வகை. ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று வார்த்த ஒரு விளக்குக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. தென்னிந்திய ரயில்வே என்ற அந்தக் கம்பெனிப் பெயர் 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் கலந்து போனது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு நிறைந்த பொருளுக்குத்தான் பொருந்தும் என்பதால், எங்கள் கருவிகளில் பெரும்பாலானவை அதற்கும் வெளியேதான் நின்றன.

மூன்றாவது வகையும் உண்டு. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினொரு விளக்குகளை மீண்டும் எண்ணிச் சரிபார்த்தபோது, பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும் என்று பழைய பதிவேடு சொன்னது. விசாரித்ததில் தடம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்கு வழி சொன்னார்கள். காக்கிச் சட்டைகளைக் கூட்டிக்கொண்டு போக மனமில்லை, தனியாகத்தான் போனேன். சாமி படங்களுக்குக் கீழே இருந்தது விளக்கு. சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் துடைத்துவைத்தபடி இருந்தன.

“கடைசி வண்டிக்குப் பச்சை காட்டினது இதுதான் சார். அங்கேயே விட்டா எடைக்குப் போட்டுருவாங்கன்னு எடுத்தாந்துட்டேன்” என்றார்.

“போட்டிருப்பாங்கதான் அண்ணே. எங்ககிட்ட இருந்த பர்னர் எல்லாம் அப்படித்தான் போச்சு” என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? எண் அடிப்பது, படம் எடுப்பது எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விளக்கை எடுத்து மடியில் வைத்து, தலைகீழாகத் திருப்பினார். அடித்தகட்டில் ஆணியால் கீறிய ஒரு மீன்.

“அடுத்த ஷிப்ட்காரன் மாத்தி எடுத்துட்டுப் போயிருவான்னு அந்தக் காலத்துல நான் போட்டது.”

மறுநாள் விளக்கு அறைக்கு அவரே கொண்டுவந்தார். பஞ்ச் உளியை எடுத்து எண் அடித்தபோது, அந்த மீனின் மேல் படாமல் ஒரு விரற்கடை தள்ளி அடிக்கச் சொன்னார். பதிவேட்டில் அடையாளக் குறி என்ற கட்டத்தில் மீனை வரைய எனக்குச் சரியாக வரவில்லை. பேனாவை வாங்கி அவரே வரைந்தார்.