தலைக்கட்டு வரி மாதிரி ஒரு கிளப்

எங்க ஏரியா பெங்களூர் அல்சூர் கௌதமபுரம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைங்களோட சேத்து ஃபுட்பால் வீரர் பீலேக்கும் சிலை வெச்ச ஏரியா இது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பிரான்ஸ் கூட 2-1ல தோத்தோமே, அதுல நம்ம ஒரே கோல அடிச்ச ராமன் பெங்களூர்க்காரர், அன்னிக்கு டீம்ல பாதிக்கு மேல வெறுங்கால்ல ஆடினாங்க, ரெண்டு பெனால்டி வேற மிஸ் ஆச்சு. அப்பா இத சொல்றப்பல்லாம் இப்பவும் அவருக்கு குரல் கம்மிடும்.

அப்படிப்பட்ட ஏரியாவுல எங்க சின்ன கிளப் போன வருஷம் லீக் ஃபீஸ் கட்ட காசில்லாம நின்னுச்சு. ஒரு ஸ்பான்சர் வந்தார், ஜெர்சி குடுத்தார், கிளப் பேரையே மாத்தினார், ரெண்டு சீசன் முடிஞ்சதும் ஃபோன் எடுக்கறதில்ல. பசங்க சோல் பிஞ்ச ஸ்டட்ஸ ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கிட்டு ஆடினாங்க. எனக்கு மனசே ஆறல.

அப்பதான் இங்கிலாந்து சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட், அதாவது ரசிகர்ங்களே சேந்து கிளப்ப வெச்சு நடத்தற அமைப்பு பத்தி தேடித்தேடி படிச்சேன். லண்டன்ல இருந்த விம்பிள்டன் ஃபுட்பால் கிளப் கதைய கட்டாயம் சொல்லணும். 2002ல அந்த கிளப்ப மில்டன் கீன்ஸ்ங்கற வேற ஊருக்கு கொண்டு போக பர்மிஷன் குடுத்துட்டாங்க, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதாவது இங்கேர்ந்து கிருஷ்ணகிரி தூரம். ரசிகர்ங்க அழுதுட்டு வீட்டுக்கு போகல, விம்பிள்டன்ல இருக்கற பொது மைதானத்துலயே ட்ரையல்ஸ் வெச்சு ஆள் எடுத்து ஏஎஃப்சி விம்பிள்டன்னு புதுசா கிளப் ஆரம்பிச்சாங்க, ஒன்பதாவது டிவிஷன்ல ஆரம்பிச்சு 9 சீசன்ல 5 ப்ரமோஷன் வாங்கி 2011ல நாலாவது டிவிஷனுக்கு, அதாவது ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்துட்டாங்க. 2020ல பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேனுக்கே, புது ஸ்டேடியத்துக்கு திரும்பி போனாங்க, அந்த ஸ்டேடியம் கட்ட காசு பத்தலன்னதும் பாண்ட், அதாவது கடன் பத்திரம் போட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல சேத்தது ரசிகர்ங்கதான். கிளப்போட மெஜாரிட்டி பங்கு டான்ஸ் ட்ரஸ்ட்ங்கற (Dons Trust) ரசிகர் அமைப்பு கையில, அதுல ஒரு மெம்பருக்கு ஒரு ஓட்டு, எவ்ளோ பெரிய பணக்காரரா இருந்தாலும் அதே ஒரு ஓட்டுதான். அதே 2020ல லாக்டவுன் போட்டப்ப அந்த ரசிகர்ங்க சூப்பர்மார்க்கெட் வாசல்ல நின்னு மளிகை சாமான் சேத்து இல்லாதவங்களுக்கு கொண்டு போய் குடுத்தாங்க, இத படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

எக்ஸிட்டர் சிட்டி கிளப்பும் அப்படித்தான், 2003ல ட்ரஸ்ட் கைக்கு வந்துச்சு. போர்ட்ஸ்மவுத் கிளப்ப ரசிகர்ங்க 2013ல வாங்கி 2017ல வித்தாங்க, விக்கறதையும் ஓட்டு போட்டுத்தான் முடிவு பண்ணாங்க.

இதெல்லாம் வெள்ளக்காரன் சமாச்சாரம்னு ஒரு அண்ணன் சொன்னார். எனக்கு அப்படி தோணல. திருவண்ணாமலை பக்கம் எங்க அம்மா ஊர்ல திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி போடுவாங்க, மாடி வீடு குடிசை வீடு எல்லாருக்கும் ஒரே தொகை, முடிஞ்சதும் கோயில் வாசல்ல கணக்கு படிப்பாங்க, தேங்கா வாங்கின செலவு வரைக்கும். வரி கட்டினவன் யாரு வேணா நடுவுல எந்திரிச்சு கேள்வி கேக்கலாம். ட்ரஸ்ட்னா இதுதானே? சீட்டு மாதிரி கிடையாது, சீட்டுல நம்ம காசு நமக்கே திரும்பி வரும், இதுல கிளப்புக்கு போகும், ஆனா சொல்ற உரிமை நம்மகிட்டயே இருக்கும்.

அதனால வீட்டுக்கு மாசம் 100 ரூபான்னு பேச ஆரம்பிச்சிருக்கோம். கர்நாடகாவுல சொசைட்டி ரிஜிஸ்டர் பண்ண 7 பேர் இருந்தா போதும், எங்ககிட்ட 11 பேர் ரெடி. முதல் செலவு ஸ்டட்ஸ், அடுத்தது லீக் ஃபீஸ், அப்புறம் கேர்ள்ஸ் டீமுக்கு ஒரு கோச், இது என்னோட பிடிவாதம், விடமாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல பூ விக்கற அக்காகிட்ட போனோம். அவங்க பையன் எங்க அண்டர்-13ல லெஃப்ட் விங். நோட்டுல பேர் எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "வருஷக் கடைசியில கணக்கு படிப்பீங்கல்ல?"

"கிரவுண்ட்லயே மைக் வெச்சு படிப்போம்க்கா"ன்னேன். சுருக்குப்பைய அவுத்து 100 ரூபா எடுத்து குடுத்தாங்க.